வெளியாள் யார்?

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், கதிரவன் எழுமுன்னே கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக ஓடத் தொடங்கிவிடுகின்றன. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், தெற்கே திரும்பினால் வல்லம், ஒரகடம் என்று நீளும் இவ்வட்டாரம், ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். இராமானுசர் பிறந்த தலமென்றும், 1991 மே 21 அன்று இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடமென்றும் நாடறிந்த திருப்பெரும்புதூர், இன்று மோட்டார் வண்டிக்கும் கைப்பேசிக்கும் பெயர் பெற்று நிற்கிறது.

உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளை மே முதல் நாளில் கொண்டாடும்படி திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்தினார். அந்நாளில் நம் மறையுரைகள் தொழிலாளியைப் பற்றியே பேசுகின்றன. அது முறையே. ஆயினும் வேலை கொடுப்பவர் என்ன எண்ணுகிறார், சட்டம் எப்படி இருக்கவேண்டுமென்று விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பதை நாம் காது கொடுத்துக் கேட்டதுண்டா? நீதி வழங்க விரும்புவோர் இரு தரப்பையும் கேட்கவேண்டும். ஆகவே இம்முறை, நூறாண்டுக் காலமாக நம் மாநிலத்து நிர்வாகங்கள் கூறிவந்ததைச் சற்று வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போம். அப்படிப் பார்த்தபோது ஒரு சொல் மீண்டும் மீண்டும் நம்மை எதிர்கொண்டது. ‘வெளியாள்’ என்பதே அச்சொல்.

கதை திருப்பெரும்புதூரில் தொடங்கவில்லை, பெரம்பூரில் தொடங்குகிறது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் அக்காலத்தில் சென்னையின் பெருமைகளுள் ஒன்று. பள்ளி, மருந்தகம், குடியிருப்பு என்று தொழிலாளருக்கு நன்மைகள் செய்த ஆலை என அதன் நிர்வாகம் தன்னைக் கருதியது. அக்கருத்தில் உண்மையும் இருந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் அதைக் குறிப்பிடுவர். சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியா, பம்பாயைச் சேர்ந்த பார்சி; அன்னி பெசன்ட் அம்மையாரின் தோழர். திரு. வி. க. ஆசிரியராய் இருந்து பத்திரிகையாசிரியரானவர். செல்வபதி செட்டியார் துணி வணிகர். இவர்களுள் எவரும் தறியில் நின்றவர் அல்லர்.

இதுதான் நிர்வாகத்தின் முறையீடு. ‘எங்கள் ஆட்களோடு நாங்கள் பேசிக்கொள்வோம்; நடுவில் இவர் யார்?’ என்பதே அதன் சாரம். 1920இன் இறுதியில் ஆலை கதவடைப்புச் செய்தது. வேலை ஒப்பந்தத்தை முறிக்கும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா முதலியோர் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றமும் தடையாணை பிறப்பித்தது. பெருந்தொகை நட்டஈடு கோரிய அவ்வழக்கு, வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகுவது என்ற உடன்பாட்டில் முடிந்தது. அடுத்த ஆண்டில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டு, தொழிலாளர் சாதிவழிப் பிளவுபட்டு, புளியந்தோப்புக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்ததை நம் நகரத்தின் துயர வரலாறு சொல்லும். அதன்பின் 1922இல் ஆலை நிர்வாகமே ஒரு நலக்குழுவை அமைத்துக்கொண்டது. வெளியாள் இல்லாமல் உள்ளாட்களோடு மட்டும் பேசுவதற்கு அது ஒரு வழி.

தென்னிந்திய வேலையளிப்போர் கூட்டமைப்பு தோன்றியதும் அதே 1920ஆம் ஆண்டில்தான் என்பது கருதத்தக்கது. தொழிலாளர் ஒன்றுகூடுவதைக் கண்டு ஐயுற்ற காலத்திலேயே, தாம் ஒன்றுகூடுவதன் பயனை நிர்வாகங்கள் நன்கு உணர்ந்திருந்தன. அதில் தவறில்லை. ஒன்றுகூடுதல் மனித இயல்பு. ஒருவருக்கு இயல்பானது மற்றவருக்குக் குற்றமாகுமா என்பதே கேள்வி.

பின்னி வழக்கு நாட்டின் மனச்சான்றைத் தொட்டது. என். எம். ஜோஷி 1921இல் நடுவண் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தாண்டு வாதத்தின் பின் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. வாடியாவுக்கு நேர்ந்தது இனி எவருக்கும் நேராதபடி, பதிவு பெற்ற சங்கத்தாருக்கு அத்தகைய வழக்கிலிருந்து பாதுகாப்பு அளித்தது அச்சட்டம். அதே வேளையில் நிர்வாகத்தின் அச்சத்துக்கும் செவி சாய்த்தது. சங்கப் பொறுப்பாளருள் பாதிப்பேராவது அத்தொழிலில் உள்ளவராய் இருக்கவேண்டும் என்றது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மேலும் இறுக்கி, வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கோ ஐவரோ, இவற்றுள் எது குறைவோ அதற்கு மேற்படலாகாது என்றது. ஆக, வெளியாள் வரலாமா என்ற கேள்விக்குச் சட்டம் நூறாண்டுக்கு முன்பே ‘வரலாம், அளவோடு வரலாம்’ என்று விடை கூறிவிட்டது.

விடுதலைக்குப் பின் நிர்வாகங்களின் குறை வேறு திசையில் திரும்பியது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், பூசல் எழுந்தால் அரசு அதைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்றது. இருவர் பேசித் தீர்க்கவேண்டியது அரசின் மேசைக்கும் வழக்குமன்றத்துக்கும் போய் ஆண்டுக்கணக்கில் கிடப்பதாக நிர்வாகங்கள் வருந்தின. வியப்பு என்னவெனில், தொழிற்சங்கத்தில் வளர்ந்தவரும் 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றவருமான வி. வி. கிரியும் இதையே சொன்னார். 1952 முதல் 1954 வரை மத்திய அமைச்சராய் இருந்தபோது, கட்டாயத் தீர்ப்பு முறையை விடுத்து இருதரப்பும் நேரே பேசும் கூட்டு பேரமே தொழிலுறவைப் பண்படுத்தும் என்று வாதாடினார். அவர் கருத்து அன்று ஏறவில்லை.

பின்னும் இரு சட்டங்கள் நிர்வாகங்களுக்கு முள்ளாய் அமைந்தன. நெருக்கடி நிலைக் காலமான 1976இல், 300 பேருக்கு மேற்பட்ட ஆலை ஆட்குறைப்புக்கோ மூடுதற்கோ அரசின் முன் அனுமதி பெறவேண்டும் என்ற விதி வந்தது. அவ்வெண்ணிக்கை 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 100ஆகக் குறைக்கப்பட்டது. 1981இல் தமிழகமே இயற்றிய சட்டம், 24 மாதங்களில் 480 நாள் பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. ‘ஆளை எடுப்பது எளிது, விடுவது அரிது, ஆகவே எடுக்கவே அஞ்சுகிறோம்’ என்பது நிர்வாகங்கள் அன்று முதல் கூறிவரும் சொல். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆர்டர் இல்லாத ஆலையைச் சட்டத்தால் ஓட்ட முடியாது. ஆனால் இச்சொல்லுக்கு மறுபக்கமும் உண்டு. நிரந்தரம் என்ற வாசலைத் திறக்க விரும்பாதவர்கள் பயிற்சியாளர், பழகுநர், ஒப்பந்தக்காரரின் ஆள் என்று பல பக்கவாசல்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரே கன்வேயர் வரிசையில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இருவேறு சீருடை, இருவேறு சம்பளம் என்னும் காட்சி இவ்வாறே உண்டாயிற்று.

1996ஆம் ஆண்டு நம் கதையில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் பின்னியின் பெரம்பூர் ஆலைகள் மூடப்பட்டன. அதே ஆண்டில்தான் கொரியாவின் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. பத்தாண்டுக்குப் பின், 2006இல், நோக்கியா திருப்பெரும்புதூரில் கைப்பேசி செய்யத் தொடங்கியது. 2007இல் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் என்று ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. வேலை கொடுப்பவரின் முகமே மாறிவிட்டது. அவர் இப்போது ஊரில் இல்லை; நாட்டிலும் இல்லை. ஆலை மேலாளர் தம் மேலிடத்துக்கு விடைகூறும் ஊழியர். உதிரிபாகங்கள் கிடங்கில் தேங்காமல் வேண்டிய மணிக்கு வேண்டிய அளவே வந்து சேரும் முறை ஏற்பட்டபின், சிறு பட்டறை ஒன்று ஒருநாள் நின்றால் பெரிய ஆலையும் நின்றுவிடும். விலையைக் குறை என்று மேலிருந்து வரும் நெருக்கடியைச் சிறு பட்டறைக்காரர் கீழே தள்ள வேண்டியவராகிறார். கீழே இருப்பது கூலி ஒன்றே. இவர்களும் நம் பங்கு மக்களே. இவர்களது தூக்கமின்மையை நாம் அறிவோம்.

இச்சட்டங்களால் முதலீடு ஓடிவிடும் என்ற அச்சுறுத்தல் அடிக்கடி எழுகிறது. நாம் கண்ட மாபெரும் வெளியேற்றம் நோக்கியாவினது. உச்சநிலையில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடியாகப் பணியாற்றிய அவ்வாலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அதற்குக் காரணம் தொழிலாளர் சட்டமன்று, வேலைநிறுத்தமும் அன்று. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கினால் இவ்வாலை அவ்விற்பனையில் சேர இயலாமற் போயிற்று. பெரும்பாலும் இளம்பெண்களாகிய தொழிலாளர் சிறுதொகை பெற்று வீடு திரும்பினர். வேலையை அழிப்பது எது என்று கணக்குப் பார்ப்போர் இதையும் கணக்கில் எழுதவேண்டும்.

2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணிநேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வார வேலைநேரம் கூடாது, நாட்களை மட்டும் மாற்றியமைக்கலாம், மின்னணு ஆலைகள் இவ்வசதியைக் கேட்கின்றன என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். எதிர்ப்பு எழுந்தது. மே முதல் நாளில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறாண்டு நிறைந்திருந்தது.

அடுத்த ஆண்டில் அந்தப் பழைய சொல் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் சங்கத்தை ஏற்கவேண்டும் என்பது முதற்கோரிக்கை. இவ்வட்டாரத்தில் இதே வேலைக்குக் கிடைக்கும் சராசரிச் சம்பளத்தைப் போல் 1.8 மடங்கு தாங்கள் தருவதாக நிர்வாகம் கூறியது. தன் தொழிலாளரோடு நேரே பேச விரும்பியது. ஆலையினுள் அமைந்த தொழிலாளர் குழுவோடு உடன்பாடும் செய்தது. வெளியிலிருந்து வந்த தலைவரைக் கொண்ட சங்கத்தோடு பேசத் தயங்கியது. சங்கத்தின் பெயரில் தன் பெயர் இருப்பதையும் எதிர்த்தது. உயர்நீதிமன்றம் வரை சென்றபின் 2025 சனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று. பெரம்பூரும் சுங்குவார்சத்திரமும் இவ்வளவு நெருங்கி வந்ததைக் கண்டு நாம் திகைத்தோம். நல்ல சம்பளம், உள்குழு, வெளியாள் மீது ஐயம் என்று 1920களின் வரிசை அப்படியே இருந்தது. ஆலைக்குழுக்கள் சங்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்காக ஏற்பட்டவை அல்ல என்று உச்சநீதிமன்றம் 1960இலேயே நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் கூறியிருந்தது. சாம்சங்கின் தாய்நாட்டிலோ, அந்நிறுவனத் துணைத்தலைவரே 2020 மே 6 அன்று மக்கள் முன் மன்னிப்புக் கோரி, சங்கமற்ற நிர்வாகம் என்னும் கொள்கையைக் கைவிடுவதாக உறுதியளித்திருந்தார்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்துள்ளன. 29 பழைய சட்டங்கள் அவற்றுள் அடங்கின. நிர்வாகங்கள் நெடுநாள் கேட்டவை பல கிடைத்துவிட்டன. ஆட்குறைப்புக்கு அனுமதி கேட்கவேண்டிய எல்லை 100லிருந்து 300க்கு உயர்ந்தது. எவ்வகை ஆலையிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறித்தகாலப் பணி சட்டமுறையாயிற்று. தொழிலாளருக்கும் சில கிடைத்தன. பணி நியமனக் கடிதம் கட்டாயம். குறித்தகாலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை. வருகைப் பதிவேட்டில் உள்ளோருள் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கத்தை நிர்வாகம் பேச்சுக்கு ஏற்றாகவேண்டும். ‘யாரோடு பேசுவது?’ என்று நூறாண்டு கேட்ட கேள்விக்கு இப்போது சட்டமே விடை சொல்லிவிட்டது. ஆனால் அப்பதிவேட்டில் பெயரே இல்லாத பயிற்சியாளரும் ஒப்பந்தக்காரரின் ஆளும் எந்த விழுக்காட்டில் சேர்வர்?

இங்கேதான் திருச்சபையின் சமூகப் போதனை நமக்குக் கைவிளக்காகிறது. நம் முன்னோர் சிங்கராயர் என்று வழங்கிய திருத்தந்தை 13ஆம் லியோ, 1891 மே 15 அன்று வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் தொழிலாளர் சங்கம் அமைப்பது இயற்கை உரிமை என்றார். 2025 மே மாதத்தில் அவர் பெயரையே தெரிந்துகொண்ட 14ஆம் லியோ, இப்பெயர்த் தெரிவுக்கு அச்சுற்றுமடலையே காரணமாய்ச் சுட்டினார். அதன் 90ஆம் ஆண்டு நினைவாக, தமிழகம் 480 நாள் சட்டம் இயற்றிய அதே 1981இல், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ‘லபோரெம் எக்ஸர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலைத் தந்தார். வேலை கொடுப்பவர் இருவகையினர் என்பது அதன் அரிய கருத்துகளுள் ஒன்று. ஒப்பந்தம் செய்து வேலை வாங்குபவர் நேரடி வேலையளிப்பவர். அவ்வேலையின் நிலைமையைத் தம் கொள்கையாலும் விலையாலும் விதியாலும் முடிவு செய்யும் அரசு, பெருநிறுவனம் முதலியோர் மறைமுக வேலையளிப்பவர். இருவருக்கும் பொறுப்பு உண்டு.

இக்கருத்தை ஒரு நிகழ்வில் வைத்துப் பார்ப்போம். 2021 டிசம்பரில், ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியருக்கு என்ன ஆயிற்றென்று அறியாத பெண்கள் டிசம்பர் 17 இரவு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். விடுதி ஒருவர் பொறுப்பு, வேலை மற்றொருவருடையது, பொருளின் பெயர் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத்தினது. இம்மூன்று கதவுகளுள் எதைத் தட்டுவது? தெருவே அவர்களுக்குக் கிடைத்த கதவு. அதன்பின் ஆப்பிள் அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் தமிழக அரசே திறந்தது. மறைமுக வேலையளிப்பவர் தம் பொறுப்பை ஏற்க முடியும் என்பதற்கு இவை சான்று. முதலும் தொலைவு, ஆணையும் தொலைவு, ஒப்பந்தக்காரர் நடுவில் என்றிருக்கும் இந்நாளில், ஆலைக்கு உண்மையில் வெளியாள் யார் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

இவ்வளவும் எழுதிய நாம் ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. திருச்சபையும் வேலையளிப்பவரே. பள்ளிகள், மருத்துவமனைகள், விடுதிகள் என்று எத்தனையோ நிறுவனங்களில் எத்தனையோ பேர் நம்மிடம் சம்பளம் பெறுகின்றனர். 1978இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பு, கல்விக்கூடமும் மருத்துவமனையும் ‘தொழில்’ என்பதில் அடங்கும் என்றபோது முதலில் முகம் சுளித்தவர்களுள் நம்மவரும் உண்டு. இப்போது வந்துள்ள தொகுப்புச் சட்டம், அறப்பணி நிறுவனங்களைத் தொழில் என்னும் வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. நாம் மகிழலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் நாம் தாளாளராய் இருந்த பள்ளியொன்றில், 11 ஆண்டு பணியாற்றிய துப்புரவுப் பணியாளர் ஒருவர், பணி நியமனக் கடிதமும் சேமநிதியும் கேட்டு வந்தார். கூடவே ஒரகடத்து ஆலையில் வேலை பார்க்கும் தம் தம்பியை அழைத்து வந்திருந்தார். ‘இது ஒரு குடும்பம். நம் பள்ளி விஷயத்தில் வெளியாள் எதற்கம்மா?’ என்று கேட்டோம். அவர் தலை நிமிராமலே சொன்னார்: “தனியா வந்தா, சாமி என்ன சொன்னாலும் சரின்னு தலையாட்டிட்டுப் போயிடுவேன் சாமி. அதான் தம்பியக் கூட்டிக்கிட்டு வந்தேன்.”

பின்னி வழக்கின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது, நிர்வாகத்தின் குரலில் நம் குரலையே கேட்டோம். நேரே பேசலாம் என்று அழைப்பவர் பெரும்பாலும் நல்ல மனத்தோடே அழைக்கிறார். ஆனால் சோறிடும் கையின் முன்னே நாக்கு எழாது என்பதை அவர் அறிவதில்லை. அறிய அவருக்கு வாய்ப்பும் இல்லை. வெளியாட்களுள் தன்னலத்தாரும் உண்டு. தொழிலாளரைத் தேர்தல் ஏணியாக்கியவரும், தோற்றபின் கைவிட்டவரும் உண்டு. அதற்காக ஆண்டவர் மோசேயை அனுப்பாமல் இருந்துவிடவில்லை. மிதியானிலிருந்து வந்த மோசே செங்கல் அறுத்தவர் அல்லர். மக்களின் வேலையைக் கெடுக்கிறாய் என்பதே பார்வோன் அவர்மேல் சாட்டிய குற்றம். பின்பு இஸ்ரயேலரின் மேற்பார்வையாளர்களாகிய உள்ளாட்கள் தாமே நேரில் போய் முறையிட்டுப் பார்த்தார்கள். சோம்பேறிகள் என்ற பெயரே அவர்களுக்குக் கிடைத்தது, வைக்கோல் கிடைக்கவில்லை.

வேறுவகை வேலையளிப்பவரும் விவிலியத்தில் உண்டு. திராட்சைத் தோட்ட உரிமையாளர் விடியல் முதல் மாலை வரை தாமே ஐந்து முறை சந்தைவெளிக்குச் சென்று ஆள் அழைத்தார். கூலி கொடுக்க மேற்பார்வையாளரை ஏவினாலும், முணுமுணுப்பு எழுந்தபோது அவரிடம் தள்ளிவிடாமல் தாமே விடை கூறினார். முறையிட்டவரைத் தோழர் என்று விளித்தே கூறினார். அவரது தீர்ப்பைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறோம். அவர் முறையீட்டுக்கு முகம் கொடுத்ததைப் பற்றி ஒன்றும் ஆற்றியதில்லை.

அப்பணியாளருக்குக் கடிதம் கொடுத்தோம்; விடுபட்ட சேமநிதியைப் பள்ளிக் கணக்கிலிருந்து செலுத்தினோம். சட்டம் விலக்கு அளித்தாலும் அளிக்காவிட்டாலும், நம் நிறுவனங்களில் பணியாற்றுவோர் ஒன்றுகூடிப் பேச உரிமையுடையவர் என்று நாமே எழுதி ஒப்பமிட என்ன தடை? அதைச் செய்யாமல் ஒரகடத்து மேலாளருக்கு நாம் போதிப்பது எங்ஙனம்? அன்று முதல் நம் அலுவலக மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்று வருபவருக்கு, மற்றொன்று அவர் கூட்டி வருபவருக்கு.